ஐந்தாம் அறையின் மூன்று மணி நேரம்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். முப்பது வருடமாக அதே இடத்தில் நின்று அதே வண்டியைப் பிடிக்கிறவன் என்று என் செருப்பைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் பக்கத்தில் நிற்கிறவன் போனை எடுத்துத் தடவித்தான் எந்த வண்டி எங்கே போகும் என்று பார்ப்பான். அது தப்பாகச் சொல்லும். தப்பான வண்டியில் ஏறுவான். நான் வாயைத் திறப்பதில்லை. கேட்காதவனைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கென்ன வேண்டுதலா?

நேற்று இந்த ஸ்டேஷனில் நீங்கள் கேட்டீர்கள். சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளை உங்கள் மேஜையில் வைத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் பெரியவரே?" என்றீர்கள். அதற்காகத்தான் இன்று வந்து எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல டைப் அடித்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். டைப் அடிக்கிற இடத்தில் ஒரு வரி விழுந்தால் விழுந்த சத்தம் கேட்காது. அந்த விஷயம் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. கம்ப்யூட்டர் பெண்ணின் மேல் எழுதி வைத்திருக்கிறீர்களே, கவனக்குறைவால் ஓர் ஆள் சாகக் காரணமானாள் என்று, அதை எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அது கோர்ட்டுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். போகக் கூடாது. அவள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள். அளவுக்கு மீறி ஒழுங்காகச் செய்தாள் என்றுகூடச் சொல்வேன்.

எங்கள் கிடங்கில் ஏழு அறைகள். தானிய மூட்டை வந்து இறங்கும், மாதக்கணக்கில் கிடக்கும். வண்டு விழாமலிருக்க அறையை இறுக மூடி மருந்து வைப்போம். மருந்து என்றால் வில்லை. காற்றுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புகை கிளம்பும். வண்டைக் கொல்லும், எலியைக் கொல்லும், ஆளையும் ஆள் என்று பார்க்காது. ஏழு நாள் கழித்துப் பெரிய ஃபேனைப் போட்டு அந்தக் காற்றை வெளியே தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். எப்போது திறக்கலாம் என்பதுதான் வேலை. மற்றதெல்லாம் மூட்டை தூக்குவது.

அந்த 'எப்போது' முப்பத்தொரு வருடம் என் கையில் இருந்தது. முதலில் ஒரே ஓர் ஆள்தான் உள்ளே போவான். அவன் கதவில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் தலையாட்டினால் திறப்பான். ஆட்டாவிட்டால் அப்படியே நிற்பான். ஃபேன் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் வந்த வழக்கம். முப்பத்தொரு வருடத்தில் ஓர் ஆளைக்கூட நான் இழந்ததில்லை. ஒரு பூனையை இழந்தேன். ஐந்தாம் அறையில்.

அந்த அறை மற்ற அறைகளைப் போல இல்லை. பின்பக்கம் ஒரு மூலை உள்வாங்கிப் போகும். மருந்துக் காற்று அங்கே போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதை அளக்கிற மீட்டரோ முன்பக்கம், ஃபேனுக்குப் பக்கத்தில். ஃபேன் ஓடினால் அந்த இடம் சீக்கிரம் சுத்தமாகிவிடும், மீட்டரும் பூஜ்யம் என்று காட்டிவிடும். ஆனால் மூலையில் அப்படியே இருக்கும். பூனை செத்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. அன்று முதல் ஐந்தாம் அறைக்கு மட்டும் பூஜ்யம் வந்த பிறகும் மூன்று மணி நேரம் ஃபேன் ஓடும். எங்கும் எழுதி வைக்கவில்லை. என் தலையில் இருந்தது, போதும்.

போன வருடம் கம்பெனி எல்லாக் கதவுக்கும் மின்சாரப் பூட்டு போட்டது. கதவுக்கு மேலே ஒரு விளக்கு. சிவப்பு எரிந்தால் பூட்டியிருக்கும், பச்சை எரிந்தால் திறக்கலாம், முகமூடிகூட வேண்டாம். எப்போது பச்சை எரிய வேண்டும் என்று புரோகிராம் எழுத அந்தப் பெண் வந்தாள். சின்னப் பெண், என் கடைசி மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கூட யாரும் இல்லை. புரோகிராமில் பாதிக்கு மேல் ஒரு மெஷின் எழுதும், அவள் அதனிடம் பேசிப் பேசி எழுத வைப்பாள்.

ஒருநாள் காலையில் அவள் அதனிடம் கிடங்கைப் பற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதைப் பார்த்தேன்.

"ஏம்மா, நேத்து சாயங்காலம் வரைக்கும் இதுகிட்டதான பேசிட்டிருந்த?"

"ஆமாய்யா. ஆனா அதுக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாது. மூடிட்டுத் திறந்தா, புதுசா வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி வந்து நிக்கும். ரொம்பக் கெட்டிக்கார ஆள்தான். ஆனா நம்ம கிடங்கைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

"அப்ப தெனமும் பாடம் எடுக்கணுமா?"

"அதுக்குத்தான் இந்தக் குறிப்பு. வந்ததும் முதல்ல இதைப் படிக்கும். படிச்சா எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரி வேலை பாக்கும்."

பக்கத்தில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த விசில் என்கிறவன் சும்மா இருப்பானா? என்னைக் காட்டிச் சொன்னான்: "எங்க மாமாவும் அதே கேஸ்தாம்மா. எங்கக்கா காலையில சொன்ன சாமான் சாயங்காலம் ஞாபகம் இருக்காது. அவருக்கும் ஒரு குறிப்பு எழுதிச் சட்டைப் பையில வெச்சு விடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

விசில் என்பவன் என் மனைவியின் தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். எந்நேரமும் வாயில் விசில். என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது, ஒரே மெட்டு, பாதியில் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். "மிச்சத்தையும் ஊதித் தொலையேன்டா" என்று திட்டியிருக்கிறேன். "மிச்சம் மறந்துபோச்சு மாமா" என்பான்.

இரண்டு மாதம் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். ஒவ்வோர் அறைக்கும் என்னோடு வந்தாள், மூட்டைமேல் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதினாள். மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம், எந்த ஃபேன் சத்தம் போட்டால் என்ன அர்த்தம், எல்லாம். இரண்டாம் அறைக் கதவு கீழே அரை விரல் தூக்கியிருப்பதுகூட எழுதப்பட்டது. நான் வீட்டுக்குப் போனாலும் நாளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். என் மனைவி, "என்ன, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேலி செய்தாள். அந்த இரண்டு மாதம் நான் நன்றாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குறிப்பைத் தமிழில்தான் எழுதினாள், நான் படித்துச் சரிபார்க்க வேண்டுமென்று. ஒருநாள், "என்ன செய்யணும்னு மட்டும் எழுதினாப் போதாதாம்மா? ஏன் இவ்வளவு கதை எழுதுற?" என்று கேட்டேன்.

"ஏன்னு எழுதலைன்னா ஆபத்துய்யா. புரோகிராம்ல ஏதோ ஒண்ணு காரணமில்லாம இருக்குன்னு அதுக்குத் தோணும். சுத்தம் பண்றதா நெனச்சு எடுத்துடும். கெட்ட எண்ணம் கிடையாது. காரணம் தெரியாது, அவ்வளவுதான்."

அதை நான் மறக்கவில்லை. எனக்கு நேற்று என்று ஒன்று உண்டு.

குறிப்பு முடிந்தது. அதோடு என்னிடம் கேட்பதும் முடிந்தது. கதவு திறக்கும் வேலை விசிலுக்குப் போயிற்று. வேலை என்ன, பச்சை எரிந்தால் திறப்பது. எனக்கு ஆலோசகர் என்று பெயர் மாற்றி, நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டார்கள். கைப்பிடி வைத்த நல்ல நாற்காலி. காலையில் போய் உட்காருவேன், சாயங்காலம் எழுந்து வருவேன். எதிரில் ஏழு கதவு, ஏழு விளக்கு. விளக்கு மாறும், கதவு திறக்கும், மூட்டை போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பையன்கள் வணக்கம் சொல்வார்கள், அதில் குறையில்லை.

விசில்தான் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மாமா மூளைய எடுத்து ஃபைல்ல போட்டாச்சு. இனிமே அவர் தலைக்கு எண்ணெய்ச் செலவும் மிச்சம்." எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்மேல் வைத்திருந்த பிரியத்தில்தான் சொன்னான். எனக்குத் தெரியும். கெட்டவன் இல்லை அவன். இதை நன்றாகப் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு குறிப்பு நீளமாகிவிட்டது என்றாள் அந்தப் பெண். நாளொரு விஷயம் சேர்ந்து சேர்ந்து முப்பது பக்கம் ஆகிவிட்டதாம். நீளமானால் அந்த மெஷின் முக்கியமானதை விட்டுவிடுகிறதாம், நம்மைப் போலவே. அதனால் பழசைக் கழிக்க வேண்டும். எது பழசு என்று யாருக்குத் தெரியும்? தாளில் அச்செடுத்து, ஒரு சிவப்புப் பென்சிலோடு என் நாற்காலிக்குக் கொண்டுவந்தாள்.

"இப்ப நிஜமில்லாத வரியெல்லாம் கோடு போட்டுடுங்கய்யா. நான் அதைப் பார்த்து கம்ப்யூட்டர்ல எடுத்துடறேன்."

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். நியாயமாகத்தான் செய்தேன். மாற்றிவிட்ட ஃபேன், இடித்துவிட்ட சுவர், நின்றுபோன லாரி, இருபத்தாறு வரி கோடு போட்டேன். இருபத்தைந்து சரியானவை. கம்ப்யூட்டரில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று இது. நேற்று நீங்கள் வாய்விட்டுப் படித்தீர்கள்: "ஐந்தாம் அறை. மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் பச்சை எரியக் கூடாது. மேலும் மூன்று மணி நேரம் ஃபேன் ஓட வேண்டும். காரணம்: மீட்டர் ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பின் மூலையில் மருந்துக் காற்று தங்கும். முன்பு ஒரு பூனை இறந்தது. இது பிழை இல்லை. எடுக்காதே."

பென்சிலைக் கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்திருந்தேன். நான் நினைத்தது இவ்வளவுதான். இந்த வரி போனால் என்றைக்காவது அந்த மூன்று மணி நேரமும் போகும். போனால் ஏதாவது தப்பு நடக்கும். ஓர் எலியோ பூனையோ விழும். அப்போது ஓடிவருவார்கள். "ஐந்தாம் அறைக்கு என்ன பண்ணலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்பார்கள். நான் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்திருப்பேன். அவ்வளவுதான் என் ஆசை. அதிகமாக எதுவும் நான் கேட்கவில்லை.

அவள் கேட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. "ஐயா, ஐந்தாம் அறை வரியிலயும் கோடு போட்டிருக்கீங்களே?"

"மீட்டரைப் பின் மூலைக்கு மாத்துறாங்க இல்ல? அப்புறம் எதுக்கு அது?"

"மாத்தியாச்சாய்யா?"

"சுவத்துல ஓட்டை போட்டாச்சு. சத்தம் கேக்கலையா உனக்கு?"

ஓட்டை போட்டது உண்மை. எலக்ட்ரீஷியன் நான்கு ஓட்டை போட்டுவிட்டு, பொருத்துகிற கொக்கி வேறு அளவில் வந்துவிட்டது என்று போய்விட்டான். மீட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை நான் சொல்லவில்லை. "நீங்க சொன்னாச் சரிய்யா" என்று அவள் போனாள். வேலை முடிந்ததும் தாள்களைக் கிழித்துப் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தாள். மற்றதெல்லாம் வீட்டு அலமாரியில் விரித்தேன். அந்த ஒரு தாளை மட்டும் என் பெட்டிக்கு அடியில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று என்னையே கேட்டிருக்கிறேன்.

நான்கு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வரிதான் போயிருந்தது, புரோகிராமில் அந்த மூன்று மணி நேரம் அப்படியே இருந்தது. ஐந்தாவது வாரம் அவள் நடைபாதையில் உற்சாகமாக வந்தாள். "ஐயா, ஐந்தாம் அறைக்கு இனிமே மூணு மணி நேரம் மிச்சம். இதுக்குக் காரணம் எந்தக் குறிப்பிலயும் இல்ல, எடுக்கலாமான்னு மெஷினே கேட்டுச்சு. எடுக்கச் சொல்லிட்டேன். மீட்டர்தான் மாத்தியாச்சே, இல்லய்யா?"

"ம்" என்றேன்.

இதைப் படிக்கும்போது நீங்கள் நினைப்பீர்கள், இரண்டு தடவை கேட்டிருக்கிறாளே என்று. அது கேட்பது இல்லை சார். அவள் மீட்டரைப் பற்றித்தான் கேட்டாள். தனக்குத் தெரிந்ததற்கு என்னிடம் ஒரு கையெழுத்து வாங்குவது வேறு, தெரியாததற்கு என்னைத் தேடி வருவது வேறு. அந்த மெஷினாவது தெரியாததை ஒழுங்காகக் கேட்டது. ஆனால் அவளிடம் கேட்டது.

அடுத்த வாரம் ஐந்தாம் அறைக்கு மருந்து வைத்தார்கள். ஏழு நாள் நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், மனைவியோடு அவள் அக்கா மகன் வீட்டுக்குப் போய்வந்தேன். ஏழு நாளும் வாயில் ஒரு வார்த்தை இருந்தது. யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்திருந்தேன்.

எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. ஃபேன் போட்டார்கள். பத்து மணிக்கு மீட்டர் பூஜ்யம் காட்டியது. விளக்கு உடனே பச்சை. விசில் ஊதிக்கொண்டே வந்தான். முதலில் போகிறவன் பின் மூலைக்குப் போய் மருந்து வைத்த தட்டுகளைப் பொறுக்க வேண்டும். கதவைத் திறந்தான், போனான். யாரையும் கேட்கவில்லை. நான் நாற்காலியில் இருந்தேன்.

உள்ளே அவன் விசில் தூரம் தூரமாகப் போயிற்று. பின் மூலைக்குப் போனதும் சத்தம் வேறுமாதிரி ஆகும், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நின்றது. மறுபடி ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பித்தது. சரி, ஒன்றுமில்லை என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் தட்டுகளோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மதியம் என்னிடம் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மாமா, வயிறு ஒரு மாதிரி பெரட்டுது."

"காலையில என்னடா தின்ன?"

"கேன்டீன்லதான். நேத்து மிச்சத்தைச் சூடு பண்ணிப் போட்டுட்டான் போல."

"அதான். வேற என்ன."

"நெஞ்சுமேல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கு மாமா."

"அஜீரணம். வெந்நீர் குடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ப் படு மாப்ள."

மருந்துக் காற்று பட்டவனுக்கு முதலில் வயிறு, அப்புறம் நெஞ்சு. சாப்பாடு என்று நினைத்து வீட்டுக்குப் போகாதே, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடு. புதிதாக வருகிற ஒவ்வோர் ஆளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால்தான் அவன் என்னிடம் வந்தான் என்று நினைக்கிறேன். பச்சை எரிந்திருந்தது, நானும் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன், நிம்மதியாக எழுந்தான். மருந்து என்று நான் சொல்லியிருந்தால், அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டிருப்பார்களே. அந்த நேரத்தில் அதற்கு என்னிடம் தயாராகப் பதில் இல்லை.

போகும்போது வாசலில் நின்று, "அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா, சும்மா பயந்துடுவா" என்றான். நான் சொல்லவில்லை. அவன் பேச்சைக் காப்பாற்றினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

விசாரணையில் அந்தப் பெண், "ஐயா சொல்லித்தான் அந்த வரியை எடுத்தேன்" என்றாள். என்னைக் கேட்டார்கள். எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது என்றேன். உடனே நம்பிவிட்டார்கள். படிக்காத கிழவன் எதற்குப் பொய் சொல்லப் போகிறான்? கம்ப்யூட்டரில் அவள் கைதான் அந்த வரியை அழித்ததாக இருந்தது, நாள், மணி, நிமிடம் எல்லாம் சுத்தமாக. தாளை யாரும் தேடவில்லை. தாளை இப்போது யார் மதிக்கிறார்கள்?

அப்புறம் இரண்டு மாதம். வீட்டில் என் மனைவி அந்தப் பெண்ணைச் சபிப்பாள். "அந்த அழிச்ச கை விளங்குமா?" என்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். என் வலது கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அவள் கவனித்ததில்லை. மாடிப்படியில் யாராவது விசிலடித்துக்கொண்டு ஏறினால் நான் எழுந்து கதவைப் பார்ப்பேன். ஃபேனை நிறுத்தினால் அது சுற்றி ஓய்கிற கடைசியில் மெல்லிசாக ஒரு சத்தம் வரும், அதில் அந்த மெட்டு இருக்கும். பாதியில் நிற்கும். மிச்சத்துக்காக நான் காத்துக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் வீட்டில் ஃபேன் போடுவதில்லை. வேர்க்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க. பாதியாக இளைத்திருந்தாள். என் மனைவி அடித்துவிடுவாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, "கடைசியா அவன் என்ன பேசினான்னு உனக்காவது தெரியுமாம்மா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்று அந்தப் பெண் அழுதாள். என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அவள் கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. பேசும்போதே அதில் ஏதோ குறித்தாள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். 'மதியம் இரண்டு. இவர்கள் வீட்டுக்கு வந்தேன். செருப்பை வாசலில் விட்டேன்.' அதற்கு மேலே: 'வீட்டைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன்.' பக்கம் பக்கமாக அப்படி.

என் மனைவி உள்ளே தண்ணீர் எடுக்கப் போனபோது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, நீங்க சொன்னதா எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஓட்டை போட்டாச்சுன்னு சொன்னது, அந்தச் சிவப்புக் கோடு, எல்லாம். ஆனா எல்லாரும் இல்லைன்றாங்க. நானே கற்பனை பண்ணிக்கிட்டேனா? கோவமே இல்லைய்யா. தெரிஞ்சாப் போதும். என் தலைய நான் நம்பலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க."

என் மனைவி தண்ணீரோடு வந்துவிட்டாள். தண்ணீரை வாங்கி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். ஆனால் அன்று முழுக்க அந்த நோட்டு என் கண்ணிலேயே நின்றது. அந்த மெஷினுக்கு நேற்று இல்லை, அது அதன் பிறவிக் குறை. இவளுக்கு நேற்று இருந்தது, நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை பெட்டியை நகர்த்தித் தாளை எடுத்தேன். நேற்று உங்களிடம் வந்தேன்.

குறிப்பில் அந்த வரியை மறுபடி சேர்த்துவிட்டதாக நேற்று சொன்னீர்கள். பூனை இறந்தது என்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இறந்தார் என்றும் இருக்கிறதாம். இனி தினமும் காலையில் அந்த மெஷின் அதைப் படிக்கும், ஒவ்வொரு நாளும் புதுச் செய்தியாக. சாயங்காலம் மூடினால் அதற்கு விசிலும் இல்லை, பூனையும் இல்லை. கொடுத்து வைத்தது.

இன்னும் ஒரு திருத்தம் இருக்கிறது. மேலே அடித்துத் திருத்தினால் ஏதோ மறைத்தேன் என்பீர்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அன்று அவன் யாரையும் கேட்காமல் உள்ளே போனான் என்று எழுதினேன். அது முழுதும் சரியில்லை. பச்சை எரிந்தது, கதவில் கையை வைத்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். வேறு யாரும் அதைச் செய்வதை விட்டு ஒரு வருடமாகிவிட்டது. அவனும் விட்டிருந்தான். அன்று ஏனோ பார்த்தான். ஐந்தாம் அறை என்பதால் இருக்கலாம். பூனையைப் பின் மூலையிலிருந்து தூக்கி வந்தவன் அவன்தான்.

நான் தலையாட்டினேன்.

பழக்கம் சார். முப்பத்தொரு வருடப் பழக்கம். ஒருவன் கதவில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தால் கழுத்து தானாக அசையும். அசைந்தபோது எனக்கு, எப்படிச் சொல்வது, உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. ரொம்ப நாள் கழித்து என் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆள் வரும்வரை இங்கேயே இருக்கச் சொன்னீர்கள், எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. வீட்டுக்கு நடந்து போகிறேன், அங்கே வந்து கூட்டிக்கொள்ளட்டும். என் மனைவியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். வெளியே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், ஜன்னல் வழியே தெரிகிறது. அவளைக் கூப்பிட்டு முதலில் இதைப் படிக்கக் கொடுங்கள். அவள் தலை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் நின்று சொல்லப்போவதில்லை.

கொலை என்று எழுதுவீர்களோ வேறு எதுவோ, அது உங்கள் பாடு. எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை. அவன் பார்த்தான், அவ்வளவுதானே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.